திங்கட்கிழமை நீ பேசப்போகும் இங்கிலீஷ்

கண்ணு,

முதலில் சாப்பிடு. கடிதத்தை மேல் தட்டில் வைத்தால் எண்ணெய் பட்டுவிடும் என்று பையின் அடியில் மடித்து வைத்திருக்கிறேன். "புள்ளகிட்ட பையோட குடு, கேரியர மட்டும் உருவிக் குடுத்துட்டு வந்துடாதே" என்று, என்னோடு சாப்பாட்டுக் கேரியர் சுமக்கிற கன்னியம்மாவிடம் மூன்று தரம் சொல்லியாகிவிட்டது. அவள் என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தாள். சங்கரா மீன் வறுத்து வைத்திருக்கிறேன், உனக்குப் பிடித்த மாதிரி கொஞ்சம் கருகவிட்டு. அதை முடித்துவிட்டு, கை கழுவிவிட்டுப் பிரி. படித்த பிறகு உனக்குச் சோறு இறங்காது. 

ஞாயிற்றுக்கிழமை வீட்டுக்கு வரப்போகிறேனே, நேரில் சொன்னால் என்ன என்று கேட்பாய். நம் வீட்டில் இரண்டு பேர் தனியாகப் பேச எங்கே இடம் இருக்கிறது? அடுப்படியில் முணுமுணுத்தால் வாசலில் கேட்கிறது. உன் நைனா இப்போதெல்லாம் தூங்குகிற மாதிரி படுத்துக்கொண்டு விழித்திருக்கிறார். அதனால் திருவொற்றியூர் ஸ்டேஷன் பெஞ்சில் உட்கார்ந்து, கேரியர்க் கூடையைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு எழுதுகிறேன். அஞ்சாம் கிளாஸோடு நின்ற கை. எழுத்து கோணல்மாணலாக இருக்கும். சிரிக்காதே.

விஷயத்துக்கு வருகிறேன். திங்கட்கிழமை கம்பெனி யார்டில் விபத்து விசாரணை மறுபடியும் நடக்கப்போகிறது. நம் பக்கத்து வீட்டு இஸ்மாயில் பாய்க்கு வேலை நிலைக்குமா போகுமா, போலீஸ் வரைக்கும் கேஸ் போகுமா என்பதெல்லாம் அன்றைக்குத் தெரிந்துவிடும். என்னைச் சாட்சிக்குக் கூப்பிட்டிருக்கிறார்கள். நான் தமிழில் சொல்வேன். அதை நீ கல்கத்தாவிலிருந்து வந்த துரைக்கு இங்கிலீஷில் மாற்றிச் சொல்வாய். எனக்கு துரையைக் கண்டு பயம் உண்டு, பொய் சொல்லவில்லை. துரை என்றால் வெள்ளையாக இருந்தாலும் நம்மைப்போல் கறுப்பாக இருந்தாலும் எனக்கு ஒன்றுதான். ஆனால் இந்தத் தரம் அதைவிடப் பெரிய பயம் ஒன்று இருக்கிறது. உன் இங்கிலீஷைக் கண்டுதான் பயப்படுகிறேன்.

கோபித்துக்கொள்ளாதே. அந்த இங்கிலீஷ் நம் வீட்டுக்குள் வந்ததே பயத்தினால்தான். உனக்கு அரைகுறையாக ஞாபகம் இருக்கும். ஜப்பான்காரன் குண்டு போடப்போகிறான் என்று பட்டணம் பாதி காலியாகிக் கிடந்த சமயம். ஒருநாள் காலையில் நம் தெருக் குழாய்க்குப் பின்னால் சுவரில் ஒரு காகிதம் ஒட்டியிருந்தது. எல்லாம் இங்கிலீஷ். படிக்கத் தெரிந்தவன் தெருவிலேயே ஒருத்தனும் இல்லை. "கவுர்மெண்ட் முத்திரை கீது, பெரிய சமாச்சாரம்தான்" என்று ஒருத்தன் சொன்னான். "இன்னிக்கே காலி பண்ணச் சொல்லிட்டான்பா" என்று இன்னொருத்தன் முடித்துவிட்டான். அவ்வளவுதான். சட்டி பானை, கோழி, பாய் எல்லாவற்றையும் கட்டிக்கொண்டு மாதவரத்துக்கு நடந்தோம். நைனா உன்னைத் தோளில் வைத்துக்கொண்டார். நீ பயந்து அவர் தலைமுடியைப் பிடித்து இழுத்துக்கொண்டே வந்தாய். மாட்டுக்கொட்டகையில் கிடந்து, கொசுக்கடி தாங்காமல் திரும்பி வந்து, ஸ்டேஷன் பாபுவைக் கையைப் பிடித்து இழுத்து வந்து அந்தக் காகிதத்தைப் படிக்கச் சொன்னோம். குழாய் ரிப்பேர், இரண்டு நாளைக்குத் தண்ணீர் வராது என்று எழுதியிருந்ததாம்.

தெருவே விழுந்து விழுந்து சிரித்தது. உன் நைனா மட்டும் சிரிக்கவில்லை. குழாய்க் கல்லில் உட்கார்ந்துகொண்டு, "இந்தாமே, இந்தப் பையன இங்கிலீசு படிக்க வெக்கணும். ஒரு காயிதத்துக்குப் பயந்துகினு நாம ஓடினாப்போல இவன் ஓடக்கூடாது" என்றார். அந்த மனுஷன் கண்ணில் தண்ணீர் வந்ததை நான் பார்த்த முதல் தரம் அது. அவர் உன்னைப் பற்றி என்ன நினைத்தார் என்பதை நீ மறக்கக் கூடாது. இந்தக் கடிதத்தில் மேற்கொண்டு நான் எழுதப்போவதைப் படிக்கும்போது அதை மனசில் வைத்துக்கொள்.

அப்புறம் நீ படித்தாய். சும்மா படிக்கவில்லை, பேய் பிடித்தவன் மாதிரி படித்தாய். மூர் மார்க்கெட்டில் அட்டை கிழிந்த ஒரு தடிப்புத்தகம் வாங்கி வந்தாயே, அதிலிருந்துதான் இந்த இடியம் சமாச்சாரம் ஆரம்பித்தது. நான் கூடையைத் தலையில் வைத்துக்கொண்டு ஸ்டேஷனுக்கு நடக்கும்போது நீயும் கூட நடந்துகொண்டே ஒப்பிப்பாய். வேலை பழகுவதற்கு 'கயிறு கற்றுக்கொள்வது' என்பார்களாம். நட்டாற்றில் விட்டுப் போவதற்கு, அலை வடிந்த மணலில் கப்பல் தட்டி நிற்பதைச் சொல்வார்களாம். "ஏண்டா, வெள்ளக்காரன் கப்பல்லயே பொறந்து கப்பல்லயே பேசக் கத்துக்கினானா?" என்று கேட்டேன். நீ நடுத்தெருவில் நின்று சிரித்தாய். எனக்கு ஒன்றும் புரியாவிட்டாலும் கேட்பதற்கு நன்றாக இருக்கும். கழுத்து வலி தெரியாது. இப்போது நினைத்தாலும் அந்த நடைதான் என் ஆயுசிலேயே சந்தோஷமான நடை.

ரயிலில் நடந்தது ஞாபகம் இருக்கிறதா? டிக்கெட் பரிசோதகர் ஒருத்தர் எங்கள் கூடைகளை எல்லாம் கீழே தள்ளச் சொன்னார். லக்கேஜ் வண்டியில் போட வேண்டுமாம். நாங்கள் சாப்பாட்டுக்காரிகள் ஏழெட்டுப் பேர் கையைப் பிசைந்துகொண்டு நின்றோம். கூடை இறங்கிவிட்டால் அத்தனை ஆம்பளைகளுக்கும் அன்றைக்குப் பட்டினி. நீ எழுந்து நின்று இங்கிலீஷில் ஏதோ நீளமாக எடுத்துவிட்டாய். அந்த ஆளுக்கு அதில் பாதிகூடப் புரியவில்லை என்பது முகத்திலேயே தெரிந்தது. புரியாததால்தான் பயந்தார். "சரி சரி, ஓரமா வச்சிக்குங்க" என்று போய்விட்டார். கன்னியம்மா உனக்குத் திருஷ்டி சுற்றிப்போட்டாள். நானும் தலையை நிமிர்த்திக்கொண்டு வந்தேன். ஆனால் ராயபுரத்தில் இறங்கும்போது எனக்கு ஏனோ மனசு ஒரு மாதிரி இருந்தது. சுவரில் ஒட்டிய காகிதத்துக்கு நாங்கள் பயந்ததும், அந்த ஆள் உனக்குப் பயந்ததும் ஒரே பயம்தானே என்று தோன்றிற்று. உன் சந்தோஷத்தைக் கெடுப்பானேன் என்று விட்டுவிட்டேன்.

இப்போது புதன்கிழமை நடந்த விசாரணைக்கு வருகிறேன். யார்டில் நடந்த விபத்து உனக்குத் தெரியும். நீ தலைமை ஆபீஸில் உட்கார்ந்து காகிதத்தில் படித்தவன். நான் அந்த இடத்தைத் தினம் பார்க்கிறவள், அதனால் என் வாயால் ஒருதரம் சொல்லிக்கொள்கிறேன். மூட்டைகளைக் கயிற்றில் கட்டி விஞ்சு மிஷினால் தூக்குவார்கள். விஞ்சு ஓட்டுகிற இஸ்மாயில் பாய்க்குக் கீழே இருக்கிற ஆட்கள் தெரியமாட்டார்கள், அடுக்கி வைத்த மூட்டை அட்டி மறைக்கும். அவருக்குத் தெரிவது ஒரே ஒரு கைதான். அட்டி ஓரத்தில் மேடையில் நிற்கிற மேஸ்திரியின் கை. கை மேலே போனால் தூக்க வேண்டும், கீழே வந்தால் இறக்க வேண்டும், கை தெரியாவிட்டால் மிஷினைத் தொடக் கூடாது. அதுதான் அங்கே சட்டம். அந்த மேஸ்திரி உன் நைனா. விபத்து அன்றைக்கு மத்தியானம் கீழே ஆள் இருக்கும்போதே மூட்டைக்கட்டு இறங்கி, மூட்டை சுமக்கிற கலாசி பெருமாளுக்குக் கால் போய்விட்டது. ஆஸ்பத்திரியில் முழங்காலுக்குக் கீழே எடுத்துவிட்டார்கள். சின்ன வயசுப் பையன், போன தை மாதம்தான் கல்யாணம் ஆயிற்று.

புதன்கிழமை விசாரணைக்கு நான் இஸ்மாயில் பாய் சம்சாரத்துக்குத் துணையாகப் போய்ச் சுவரோரம் நின்றேன். உன்னைத் துரைக்குப் பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார வைத்திருந்தார்கள். சலவைச் சட்டை, வாரிய தலை. நான் கண்ணை எடுக்காமல் உன்னையே பார்த்துக்கொண்டிருந்தேன். இஸ்மாயில் பாய் தொப்பியைக் கையில் சுருட்டிக்கொண்டு, "கை தெரியல தொர. கீய இருந்து 'எறக்கு'ன்னு கொரலு வந்திச்சி. எறக்கிட்டேன். தப்புதான்" என்றார். அவ்வளவுதான் சொன்னார். யாருடைய கை, ஏன் தெரியவில்லை என்று அவர் சொல்லவே இல்லை. பக்கத்து வீட்டுக்காரர், சிநேகிதர், வாயை மூடிக்கொண்டார். நீ அதை இங்கிலீஷில் ஆரம்பித்தாய். நீ பேசினாய், பேசினாய், பேசிக்கொண்டே இருந்தாய். நான் பாயின் முகத்தைப் பார்த்தேன். நாம் இவ்வளவா சொன்னோம் என்கிற மாதிரி அவர் உன்னைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

துரை அவரை மேலும் கீழும் பார்த்துவிட்டு ஏதோ கேட்டார். "அந்த நேரத்துல உங்களுக்குப் பதட்டமா இருந்ததான்னு கேக்குறாரு" என்றாய். "பதட்டமா? இல்லியே தம்பி, நான் எதுக்குப் பதறணும்?" என்றார் அவர். நீ மறுபடியும் ஏதோ நீளமாகச் சொன்னாய், துரை எழுதிக்கொண்டார். எனக்கு அப்போதுதான் முதல் தரம் சந்தேகம் வந்தது. இங்கிலீஷ் தெரியாதவளுக்கு இது எப்படித் தெரிந்தது என்று கேட்காதே. நீளம் தெரியாதா எனக்கு?

அடுத்தது நைனா. எங்கே நின்றாய் என்று கேட்டார்கள். "அங்கதான்... அங்கதான் தொர இருந்தேன். பக்கத்துல" என்றார். அந்தப் 'பக்கத்துல' வரும்போது குரல் கிணற்றுக்குள் போய்விட்டது. நீ அதைக் கவனித்தாயா? நீ எழுந்து நின்று கணீரென்று சொன்னாய், துரை திருப்தியாகத் தலையை ஆட்டினார்.

அன்றைக்கு ராத்திரிச் சாப்பாட்டுக்கு வீட்டுக்கு வந்தாய். எவ்வளவு சந்தோஷமாக வந்தாய்! துரை தோளில் தட்டிக்கொடுத்தார் என்று செருப்பைக் கழற்றும்போதே ஆரம்பித்துவிட்டாய். "நைனா, நீங்க சொன்னத நான் எப்டிச் சொன்னேன் தெரியுமா? 'நாட் பட்ஜ்டு அன் இன்ச்'! ஓர் அங்குலம்கூட நகரலைன்னு அர்த்தம். புஸ்தகத்துலேயே முதல் தரமான இடியம்" என்றாய். சோற்றில் கை வைத்த நைனா கையை எடுக்கவே இல்லை, பிசையவும் இல்லை. நீ பார்க்கவில்லை. "இஸ்மாயில் பாய்க்கு 'அட் மை விட்ஸ் எண்ட்' போட்டேன். புத்தி எல்லைக்கே போய் நின்னுட்டுதுன்னு. துரைக்கு அவர்மேல பரிதாபம் வரட்டும்னுதான்" என்றாய். "புத்தி எல்லைக்குப் போனவங்கையில எவன்டா திரும்பவும் விஞ்சக் குடுப்பான்?" என்று நான் கேட்டேன். நீ சிரித்துவிட்டு, "அம்மா, அது ஒரு அழகுக்கு" என்றாய்.

அந்த வார்த்தை எனக்கு அன்றைக்கிலிருந்து தூக்கத்தைக் கெடுத்துக்கொண்டிருக்கிறது. ஒரு மனுஷன் பயமில்லாமல், குழப்பமில்லாமல், தன் தப்பை நாலு வார்த்தையில் ஒப்புக்கொண்டான். நீ அவனைப் பைத்தியக்காரன் மாதிரிப் பதறவைத்துவிட்டாய். இன்னொரு மனுஷன் தயங்கித் தயங்கி ஒரு வார்த்தை சொன்னார், நீ அதைக் கல்சுவராகக் கட்டிவிட்டாய். இரண்டையும் நீ அன்பினால்தான் செய்தாய். கெட்ட எண்ணத்தோடு செய்திருந்தால் எனக்கு இவ்வளவு பயம் இருக்காது. கெட்ட எண்ணத்தை அதட்டலாம், நல்ல எண்ணத்தை நான் என்ன சொல்லித் தடுப்பேன்?

நம் தொழிலிலிருந்து ஒன்று சொல்கிறேன், அதுதான் எனக்குத் தெரிந்தது. நான் அடுத்த வீட்டுக் கேரியரின் மூடியைத் திறப்பதில்லை. ஊசிப்போன வாடை வந்தாலும் சரி, கறி வாசனை மூக்கைத் துளைத்தாலும் சரி, அந்த வீட்டுக்காரி மூடிக் கொடுத்ததை அந்த வீட்டுக்காரனிடம் கொடுக்க வேண்டும். கன்னியம்மா ஒருதரம் திறந்தாள். நல்ல மனசுதான். ஒரு வீட்டில் தினமும் வெறும் கூழும் வெங்காயமும் வருகிறதே, பாவம் அந்த ஆள் என்று, தன் பங்கு மீன் துண்டு ஒன்றை எடுத்து உள்ளே வைத்துவிட்டாள். அந்த ஆள் சாயங்காலம் வீட்டுக்குப் போய், "கூயுக்கே வயி இல்லாத வூட்டுல ஏதுடி மீனு? எவன் குடுத்தான்?" என்று பெண்டாட்டியை அடித்து மண்டையை உடைத்துவிட்டான். கன்னியம்மா காலில் விழுந்து உண்மையைச் சொன்ன பிறகும் அவன் முழுசாக நம்பவில்லை. மீன் என்னவோ நல்ல மீன்தான்.

உன் வாயால் நீ பேசும்போது உன் புத்தகம் முழுவதையும் கொட்டு. சிநேகிதர்களுக்கு எழுது, மேடையில் பேசு, ரயில்காரனைக்கூட மிரட்டிக்கொள். நான் கேட்டு மகிழ்வேன். ஆனால் இன்னொருத்தர் வாயை நீ சுமந்துகொண்டு போகும்போது மூடியைத் திறக்காதே கண்ணு. கூழென்றால் கூழ். இதைத்தான் நான் சாதாரணமாக உட்கார்ந்து சொல்லியிருப்பேன், கடிதம்கூட வேண்டியதில்லை. கடிதம் எழுத வைத்தது வேறு.

மறுநாள் காலையில் நைனா என்னிடம் வந்தார். நான் கேரியர்களைத் துடைத்துக்கொண்டிருந்தேன். "இந்தாமே, திங்கக்கெயம உன்ன கூப்புடுவாங்க. யார்டு கேட்டாண்ட வாட்சுமேன் உன் பேரச் சொல்லிட்டான். நான் ஒண்ணியும் பாக்கலன்னு சொல்லிடு. மத்தத நம்ம புள்ள பாத்துக்குவான். அவன் அயகா எடுத்துச் சொல்லுவான், தொர அவன் சொன்னா நம்புறாரு" என்றார். அவர் என் முகத்தைப் பார்க்கவில்லை. நானும் துடைப்பதை நிறுத்தவில்லை. அவர் போன பிறகு பார்த்தேன், ஒரே மூடியைத் திரும்பத் திரும்பத் துடைத்துக்கொண்டிருந்திருக்கிறேன்.

கண்ணு, நான் பார்த்தேன். இல்லை, பார்த்தேன் என்று சொல்வதுகூடச் சரியில்லை. நான் அதற்குள்ளேயே இருந்தேன். அன்றைக்கு ரயில் தாமதம். வெயில் மண்டையைப் பிளக்கிறது, கூடை முழுச்சுமை, எனக்கு முழங்கால் வலி. யார்டு கேட்டில் வந்து நின்றேன். தலைச்சுமையைத் தானாக இறக்க முடியாது, இன்னொரு ஆள் கை கொடுக்க வேண்டும். மற்ற நாளில் வாட்சுமேன் கை கொடுப்பான், அன்றைக்கு அவன் லாரிக்காரனோடு பேசிக்கொண்டிருந்தான். நான் கூப்பிடவில்லை. நின்றேன், அவ்வளவுதான். உன் நைனா அட்டி மேடையிலிருந்து என்னைப் பார்த்துவிட்டு இறங்கி ஓடி வந்தார். "இன்னாமே இப்டி நின்னுகினு கீறே, கயுத்து ஒடிஞ்சிடப் போவுது" என்று கூடையை இரண்டு கையாலும் பிடித்தார். கூடை அவர் கைக்கும் என் தலைக்கும் நடுவே இருக்கும்போது அந்த அலறல் கேட்டது.

எனக்காக வந்தவர். குடிக்கப் போகவில்லை, பீடி பிடிக்கப் போகவில்லை. பெண்டாட்டி தலையிலிருந்து சுமையை இறக்க வந்தார். இத்தனை வருஷத்தில் அவர் என்னிடம் வாயால் ஒரு நல்ல வார்த்தை சொன்னதில்லை, கைதான் அப்படி ஓடி வரும். அதை நான் போய்த் துரைக்கு முன்னால் சொல்ல வேண்டும். சொன்னால் அவர் வேலை போகும். நாம் இருப்பது கம்பெனி வீடு, வீடும் போகும். உன் வேலையைக்கூட யாராவது தொட்டுப் பார்க்கலாம். சொல்லாவிட்டால் இஸ்மாயில் பாய் போவார். புத்தி தடுமாறினவன் என்று பட்டம் கட்டிய பிறகு இந்தத் துறைமுகத்தில் எவனும் அவரை மிஷின் பக்கம் சேர்க்கமாட்டான். அவர் கேரியரையும் நான்தான் சுமந்தேன். வேலையை நிறுத்தி வைத்ததிலிருந்து என் கூடையில் அந்த இடம் காலியாக இருக்கிறது, மற்ற கேரியர்கள் உருண்டு முட்டிக்கொள்கின்றன. வழியெல்லாம் அந்தச் சத்தம்.

நைனாவைக் கேவலமாக நினைக்காதே. பயந்துபோய்விட்டார். பெருமாளைப் பார்க்க ஆஸ்பத்திரிக்குப் போனவர் வார்டு வாசல்வரை போய்விட்டுத் திரும்பி வந்தார். அவராகச் சொல்லிவிடுவார், சொல்லிவிடுவார் என்று நான் புதன்கிழமைவரை சாமியை வேண்டிக்கொண்டிருந்தேன். அந்தப் 'பக்கத்துல' என்ற வார்த்தையில் பாதி சொல்லிவிட்டார் என்றுதான் நான் நினைக்கிறேன். துரை காதில் அந்தத் தயக்கம் விழுந்திருந்தால் இன்னொரு கேள்வி கேட்டிருப்பார். கேட்டிருந்தால் இவர் அங்கேயே உடைந்து மீதியையும் சொல்லியிருப்பார். ஓர் அங்குலம் நகராத மனுஷனை யார் கேள்வி கேட்பார்கள்? அதற்குப் பிறகு அவருக்குத் திரும்பி வர வழியில்லாமல் போய்விட்டது.

ஆகையால் திங்கட்கிழமை நீ செய்ய வேண்டியதைச் சொல்கிறேன். துரை உட்கார்ந்ததும், யாரும் வாயைத் திறப்பதற்கு முன்னால், 'மேஸ்திரி என் தகப்பனார், இவள் என் தாயார்' என்று சொல்லிவிடு. புதன்கிழமையே சொல்லியிருக்க வேண்டும், துரை கேட்கவில்லை, நீயும் சொல்லவில்லை. 'புதன்கிழமை நான் சொன்னதில் என் சொந்தச் சரக்கு கலந்துவிட்டது' என்றும் சொல். உன்னை எழுந்து போகச் சொன்னால் உபகாரம், வெளியே போய் நில். ஆனால் பெரிய குமாஸ்தாவுக்கு துரையைக் கண்டால் நாக்கு ஒட்டிக்கொள்ளும், மற்றவர்களுக்குப் பாஷை போதாது. உன்னையே பேசச் சொல்வார்கள் என்றுதான் எனக்குத் தோன்றுகிறது. அப்படிச் சொன்னால் ஓடாதே.

அடுத்தது என்னைப் பற்றி. என்னை நம்பாதே. துரைக்கு முன்னால் நின்றதும் என் வாயில் 'எனக்கு ஒண்ணும் தெரியாது' என்று வந்தாலும் வந்துவிடும். அப்படி வந்தால் அதையே சொல், அதற்கு மேல் ஒட்டுப்போடாதே. நான் தயங்கினால், தயங்கினேன் என்று துரைக்குத் தெரியட்டும். நான் அழுதால் அழுகைக்கு இங்கிலீஷ் தேடாதே, அவருக்கே கண் இருக்கிறது. அவர் இன்னொரு கேள்வி கேட்பார். அதற்குள் எனக்கு மூச்சு வந்துவிடும்.

நைனாவிடம் இன்று ராத்திரி சொல்லப்போகிறேன், நான் உண்மையைத்தான் சொல்வேன் என்று. சொல்லாமல் போய் அவருக்கு எதிரில் நிற்க எனக்கு மனசு வரவில்லை. அவர் கத்துவாரோ, அழுவாரோ, வெளியே போய்விடுவாரோ தெரியாது. கத்தினால் தாங்கிக்கொள்வேன். சும்மா உட்கார்ந்துவிட்டால்தான் எனக்குப் பயம். நீ ஞாயிற்றுக்கிழமை வரும்போது இது எதையும் கேட்காதே. அவர் பக்கத்தில் உட்கார்ந்து சாப்பிடு. அது போதும்.

நான் சொல்லப்போவதை இங்கேயே எழுதிவிடுகிறேன். ஸ்டேஷன் பெஞ்சில் எனக்கு நானே பலதரம் சொல்லிப் பார்த்தாகிவிட்டது. "கலாசி அலறினப்போ மேஸ்திரி மேடையில இல்ல. கேட்டாண்ட என் தலையில இருந்து கூடைய எறக்கிக்கினு இருந்தாரு. அவரு எம் புருசன்." இவ்வளவுதான். இதற்கு உன் புத்தகத்தில் அழகாக எத்தனையோ இருக்கும். ஒன்றும் வேண்டாம். நான் எவ்வளவு நேரம் பேசுகிறேனோ அவ்வளவு நேரம்தான் நீயும் பேச வேண்டும். நீ முடிக்கிறவரைக்கும் நான் உன் வாயையே பார்த்துக்கொண்டிருப்பேன். நீயும் என்னையே பார்த்துச் சொல். இரண்டு பேரில் ஒருத்தர் நைனா பக்கம் திரும்பினாலும் நமக்குப் பேச்சு வராது.

உன் அம்மா